ஏழாம் பதிவு

நல்லசிவம் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு மாடிப்படிகளில் ஓடிவந்தார். ஐம்பத்தாறு வயது, சர்க்கரை வியாதி, மூன்று மாடி. ஆய்வகத்துக்குள் செருப்பு கூடாது என்று டாக்டர் பிரிசில்லா போட்டிருந்த சட்டத்தை அந்த வேகத்திலும் அவர் மறக்கவில்லை.

“பொருந்திட்டு டாக்டர். அச்சு அசல். வந்து பாருங்க!”

“அண்ணாச்சி, முதல்ல உக்காருங்க. தண்ணி குடிங்க.”

“தண்ணி அங்கன இருக்கட்டும். இதப் பாருங்கம்மா!”

அவர் திரையில் இரண்டு அலைகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தார். மேலே இருந்தது ஒரு சிங்கவால் குரங்கின் மூளைப் பதிவு. களக்காட்டு மலையில் இருபது வருடமாக அந்தக் குரங்குகளின் பின்னாலேயே அலைபவர் அவர். காதுக்குப் பின்னால் பொட்டு அளவுக் கருவி ஒட்டிய ஒரு தாய்க்குரங்கு, தொலைந்த குட்டி திரும்பக் கிடைத்த நேரத்தில் அனுப்பிய அலை அது. கீழே இருந்தது ஒரு கன்னியாஸ்திரீயின் பதிவு. மலையடிவாரத்து மௌன மடத்தில் பிரிசில்லா எடுத்துவந்த பதினொன்றில் ஏழாவது.

இரண்டும் ஒரே இடத்தில் எழுந்தன. ஒரே உயரத்தில் நின்றன. ஒரே மாதிரி மெல்லத் தணிந்தன.

பிரிசில்லா மேஜையில் ஓங்கி அடித்தாள். காப்பி டம்ளர் உருண்டது. அவள் அப்படிச் சத்தம் போட்டு அந்த ஆய்வகத்தில் யாரும் கேட்டதில்லை. அவளே கேட்டதில்லை.

“உங்க கர்த்தரும் எங்க குரங்கும் ஒரே வண்டியில போறாங்க பாத்தீங்களா?” என்றார் நல்லசிவம்.

“அவருக்கு அதுல ஒரு சங்கடமும் இருக்காது அண்ணாச்சி. உங்களுக்குத்தான்.”

“எனக்கென்ன சங்கடம்? நான் முதல்லயே சொன்னேன்லா. ஜெபம்ங்கிறது குட்டி கத்துற சத்தம். அம்மாவக் காணோம்னா கத்தும், தூக்கிக்கிட்டா அடங்கும். மனுசக் குட்டி மட்டும் வளந்த பிறகும், அம்மா செத்த பிறகும் கத்துறத நிறுத்தல. யாரோ தூக்கிக்கிட்டாங்கன்னு அதுக்குத் தோணுது பாருங்க, அந்தத் தோணல்தான் இந்த அலை. தாய்க்கும் சேய்க்கும் பொதுவான அலை. ‘நீ இருக்க, நான் இருக்கேன், இனி பயமில்ல’ங்கிற அலை.”

அவள் அலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குரங்கோ கர்த்தரோ, அது எங்கிருந்து வந்தாலும் அவளுக்குக் கவலையில்லை. அது யாருக்குப் போகவேண்டும் என்பது மட்டும் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தக் காய்ச்சல் வந்தது. மருத்துவர்கள் வைத்த பெயர் நீளமானது. ஜனங்கள் வைத்த பெயர் ஆளில்லாக் காய்ச்சல். பிழைத்தவர்களுக்குக் கண் தெரிந்தது, காது கேட்டது, கணக்கும் பெயர்களும் முகங்களும் நினைவிருந்தன. வலது காதுக்குப் பின்னால், மூளையில் கொட்டைப்பாக்கு அளவு ஓர் இடம் மட்டும் கருகியிருந்தது. எதிரில் ஒருவர் இருக்கிறார் என்று நம்மை உணரவைக்கும் இடம் அது. அது போனவர்களுக்கு எதிரில் நிற்பது தாய் என்று தெரியும். ஆனால் யாரோ இருக்கிறார்கள் என்று தோன்றாது. நாற்காலி நிற்பதுபோல நிற்பாள்.

பிரிசில்லாவின் கணவர் வேதசிங்குக்கு அந்தக் காய்ச்சல் வந்தது. இருபத்திரண்டு வருடமாகத் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று அவள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அவள் முடிக்கும்வரை அவர் மரியாதையாக நின்றார். பிறகு சொன்னார்: “நீ நிக்கிறது தெரியுது பிரிசி. குரலும் கேக்குது. ஆனா வீட்டுல யாரும் இல்ல.”

மின்விசிறி ஓடவில்லை என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். அதில் துக்கமே இல்லை. அதுதான் அவளை உடைத்தது. இப்போதும் ஞாயிறுதோறும் ஒரு பிசகுமில்லாமல் வாசிக்கிறார். சாப்பிட்டால் நன்றி சொல்கிறார். நல்ல வாடகைக்காரரைப்போல அவளோடு இருக்கிறார். நோயாளி முன்னால் கலங்காதீர்கள் என்று மற்ற குடும்பங்களுக்குச் சொல்லும் வார்த்தையை அவள் தனக்கும் சொல்லிக்கொண்டாள். இந்த இரண்டு வருடத்தில் அவர் கண்ணெதிரே ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை.

கண்ணுக்குத் தெரியாத ஒருவர் தன்னோடு இருக்கிறார் என்று நாள் முழுக்க உணர்பவர்கள் யார்? இந்தக் கேள்விதான் அவளை மடத்துக்கு அனுப்பியது. அவர்கள் மூளையில் அந்த இடம் சுடர்விடும் அலையைப் பிடித்துவிட்டால், நெற்றியில் கட்டும் ஒரு பட்டை வழியாகக் கருகிய இடத்தைச் சுற்றிப் பாய்ச்சலாம். பக்கத்துப் பாகம் அந்த வேலையைக் கற்றுக்கொள்ளக் கூடும். பதினொரு கன்னியர் அலையைப் பதியும் தொப்பியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். முதல் ஆறு நிமிடம் சும்மா இருக்கவேண்டும். மெல்லிய மணி ஒன்று அடிக்கும். பிறகு ஆறு நிமிடம் ஜெபம். பத்துப் பேரின் பதிவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஏழாவது ஆள், சிஸ்டர் வியாகுலம். மணி அடித்த அதே கணத்தில் அவர் அலை விருட்டென்று எழுந்து, ஆறு நிமிடம் முடியும்வரை இறங்கவேயில்லை.

“எப்ப போடுறோம்?” என்றார் நல்லசிவம்.

“இன்னிக்கே. சாயங்காலம் நாலு மணிக்கு. வீட்டுக்காரருக்குச் சொல்லிட்டேன்.”

“நான் வந்து சொல்றதுக்கு முன்னாலயேவா?”

“நீங்க படியேறுற சத்தத்துலயே தெரிஞ்சுது அண்ணாச்சி.”

*

பரிசோதனை அறையை ஒரு கண்ணாடி இரண்டாகப் பிரித்தது. இந்தப் பக்கம் கருவிகளும் பிரிசில்லாவும். அந்தப் பக்கம் இருப்பவருக்கு அது வெறும் முகம்பார்க்கும் கண்ணாடி. கட்டம்போட்ட சட்டையோடு வேதசிங் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் பட்டை. அறை மூலையில் நல்லசிவம். “யாரோ இருக்காங்க” என்று வேதசிங் சொல்ல, யாராவது இருக்கவேண்டுமே.

அவள் பொத்தானை அழுத்தினாள். ஒரு நிமிடம். இரண்டு. திரையில் அவர் மூளையின் அலை, பதியம் வைத்த செடிபோலக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. நாலாவது நிமிடம் வேதசிங் தலையைத் தூக்கினார். காய்ச்சலுக்குப் பிறகு அவர் முகத்தில் அவள் காணாத ஒன்று வந்தது. அவசரம்.

“யாரு அழுறது?” என்றார்.

நல்லசிவம் விழித்தார். “யாரும் அழலியே தம்பி.”

“இல்ல, கேக்குது. யாருக்கோ ஆள் வேணும்.” வேதசிங் எழுந்தார். மூலையில் இருந்தவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் கண்ணாடியிடம் வந்து உள்ளங்கையை அதன்மேல் வைத்தார். “இங்கதான்.”

கண்ணாடிக்கு இந்தப் பக்கம், அந்த உள்ளங்கைக்கு ஒரு சாண் தள்ளி, பிரிசில்லாவின் முகம் இருந்தது. அவள் பட்டையை நிறுத்தினாள். ஒரு நிமிடம் அப்படியே நின்றாள். பிறகு கதவைத் திறந்துகொண்டு போனாள். கண் உலர்ந்திருந்தது. குரல் சீராக இருந்தது.

“யாரும் அழலங்க. உக்காருங்க.”

அவர் அவளை உற்றுப் பார்த்தார். “சரி” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவசரம் முகத்திலிருந்து வடிந்துபோனது.

திங்கட்கிழமை அனுமதிக் குழுவுக்கு அவள் அறிக்கை தரவேண்டும். முதல் கேள்வி: துணை இருப்பதை நோயாளி உணர்ந்தாரா? பதினாலாவது கேள்வி: இல்லாத ஒலி கேட்டதா? பதினாலுக்கு ‘ஆம்’ என்று எழுதினால் அத்தோடு ஆய்வு மூடப்படும். பட்டையை ஒப்படைக்க வேண்டும். அது விதி. அந்த விதியைச் சேர்க்கச் சொல்லி வாதாடியவளும் அவள்தான்.

“நாளைக்கு மடத்துக்குப் போறேன்” என்றாள். “அந்த ஆறு நிமிசம் அந்த அம்மா என்ன செஞ்சாங்கன்னு கேக்கணும். எங்கயோ ஒரு தப்பு இருக்கு.”

“நானும் வாரேன்” என்றார் நல்லசிவம். “என் குரங்குகிட்டப் போய்க் கேக்க முடியாதுல்லா.”

*

மடத்தில் பேச்சுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான். பகல் இரண்டிலிருந்து மூன்றுவரை. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. வாசல் சிஸ்டர் புன்னகைத்து, இரண்டு விரலைக் காட்டி, பெஞ்சைக் காட்டி, உதட்டில் விரல் வைத்துவிட்டுப் போனார்.

நல்லசிவத்துக்கு மௌனம் பழக்கமில்லை. காட்டில்கூடக் குரங்குகளோடு பேசிக்கொண்டே நடப்பவர். பத்து நிமிடம் விரல்களை நெட்டி முறித்தார். சுவரில் சிலுவையோடு தொங்கிய பாடுபட்ட சொரூபத்தைப் பார்த்தார். ஜன்னல் வழியே மலையைப் பார்த்தார். கடைசியில் மடிக்கணினியைத் திறந்து குரங்குப் படத்தை ஓடவிட்டார். கிறீச்சென்று சத்தம் வந்தது. வாசல் சிஸ்டர் எட்டிப் பார்த்தார். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒலியை முழுக்க அடைத்தார்.

பிரிசில்லா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இந்த மௌனம் பிடித்திருந்தது. வீட்டிலும் மௌனம்தான், ஆனால் அது வேறு. அங்கே ஒருவர் இல்லாத மௌனம். இங்கே பதினொரு பேர் இருக்கிற மௌனம். மாமரத்தில் ஏதோ பறவை இலையைக் கிளறியது. எங்கோ ஒரு வாளி கிணற்றில் இறங்கியது.

அவள் முழங்கையை யாரோ இடித்தார்கள். நல்லசிவம். கண் இரண்டும் பிதுங்கி நின்றன. பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்துக் கிறுக்கி நீட்டினார்.

*குட்டி கைக்கு வர்றதுக்கு முன்னாலயே அலை ஏறிட்டு. நாலு வினாடி முன்னால.*

அவள் பேனாவைப் பிடுங்கினாள். *இத்தனை நாள் ஏன் தெரியல?*

*சத்தத்தை வச்சே நேரம் குறிச்சேன். குட்டிய அணைச்சதும் தாய் ஒரு சிரிப்பு சிரிக்கும். அதைத் தொடக்கம்னு வச்சேன். இப்ப சத்தம் இல்லாம பாத்தா தலை முதல்ல திரும்புது. அப்பமே அலை.*

*அந்த நாலு வினாடி குட்டி எங்கே?*

*பக்கத்து மரத்துல. கத்துது.*

*தாய்?*

நல்லசிவம் எழுதினார்: *கேக்குது.* அந்த ஒரு சொல்லின் கீழ் மூன்று கோடு போட்டார். மூன்றாவது கோட்டில் காகிதம் கிழிந்தது.

இருவரும் எழுந்து நின்றுவிட்டார்கள். கத்த முடியவில்லை. சிரிக்க முடியவில்லை. நல்லசிவம் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, சத்தமே இல்லாமல் ஒரு குதி குதித்தார். பிரிசில்லா புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். துணை கிடைத்த அலை இல்லை இது. ‘நீ இருக்க, நான் இருக்கேன்’ இல்லை. வேறு யாரோ கூப்பிடுவதைக் கேட்கிற அலை. அப்படியானால் வேதசிங்…

வாசல் சிஸ்டர் மறுபடி வந்து உதட்டில் விரல் வைத்தார். இந்த முறை அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

இன்னும் இரண்டே முக்கால் மணி நேரம் இருந்தது.

*

இரண்டு மணிக்கு மணி அடித்தது. அடுத்த கணமே மடம் முழுக்கப் பேச்சு, திறந்த குழாய்போல. சிஸ்டர் வியாகுலம் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். மணப்பாட்டுக் கடற்கரைக்காரர், அறுபத்துநாலு வயது. மடத்துக்கு வருமுன், பாதிரியாராகப் படிப்பவர்களின் குருமடத்தில் இறையியல் கற்பித்தவர்.

“டாக்டரம்மா, அய்யா, சாப்பிட்டீங்களா? இல்லியா? அடப் பாவமே, அந்த வாசல் பிள்ள ஒண்ணும் குடுக்கலியா?”

“சாப்பாடு இருக்கட்டும் சிஸ்டர்” என்றாள் பிரிசில்லா. “பதிவு எடுத்த அன்னிக்கு, மணி அடிச்ச பிறகு, என்ன ஜெபம் பண்ணுனீங்க?”

“மணி அடிச்ச பிறகா? அப்ப நான் ஜெபம் பண்ணலியே.”

நல்லசிவம் பெஞ்சின் நுனிக்கு வந்தார்.

“எங்க மடத்துல மணி அடிச்சா, செய்யுறத அப்படியே விட்டுரணும்” என்றார் சிஸ்டர். “கடுதாசி எழுதிட்டிருந்தா பாதி எழுத்துல பேனாவ வைக்கணும். ஜெபமானாலும் அதே கததான். நீங்க தொப்பிய மாட்டி, சும்மா இருங்கன்னு சொன்னீங்க. சும்மா இருக்கச் சொன்னா நாங்க வேற என்ன செய்ய? ஜெபத்தத் தொடங்கிட்டேன். ஆறு நிமிசங் கழிச்சு மணி அடிச்சிது. விட்டுட்டேன்.”

“நான் மணி அடிச்சா ஜெபம் பண்ணணும்னு சொல்லிருந்தேனே!”

“சொன்னீங்க. தலைக்குத் தெரிஞ்சுது. காது கேக்கணுமே! பத்தொம்பது வருசமா நோயாளி அறை என் பொறுப்பு. அங்க படுத்துக் கிடக்கிறவங்க பேச மாட்டாங்க, கைமணிதான் அடிப்பாங்க. உங்க மணி அதே சத்தம். உடனே காது அங்க போயிட்டு. யாரு கூப்பிடுறா, மதலேன் சிஸ்டரா? தண்ணியா? திரும்பிப் படுக்கணுமா? அசையக் கூடாதுன்னு நீங்க சொன்னதால உக்காந்த இடத்துலயே கேட்டுக்கிட்டிருந்தேன்.”

“ஆறு நிமிசமுமா?”

“ஆறு நிமிசமும்.”

“இத ஏன் அன்னிக்கே சொல்லல?”

“நீங்க கேக்கலியே.”

நல்லசிவம் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். பிரிசில்லாவுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் ஒன்று உறுத்தியது. “அப்ப முதல் ஆறு நிமிசம்தான் உங்க ஜெபம். சிஸ்டர், அந்த ஆறு நிமிசம்…”

“தட்டையா இருந்திருக்கும்.”

“ஆமா.”

“இருக்கும்.” சிஸ்டர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். “இருபது வருசத்துக்கு மேல ஆச்சு டாக்டரம்மா. இங்க வந்த புதுசுல ஆண்டவர் இருந்தாரு. பக்கத்துல மூச்சு விடுற மாதிரி இருந்தாரு. அப்புறம் ஒரு நாள் இல்ல. நான் பேசுவேன். அங்க யாரும் இருக்கிற மாதிரியே இருக்காது.”

வெளியே மற்றவர்களின் பேச்சுச் சத்தம் கேட்டது.

“அப்புறம் ஏன்மா இங்கயே இருக்கீங்க?” என்றார் நல்லசிவம். அவர் குரலில் கேலி இல்லை.

“மணி அடிக்குதே அய்யா.”

அவர் தலையைச் சொறிந்தார். பிறகு அந்தத் தாய்க்குரங்கின் கதையை முழுக்கச் சொன்னார், நாலு வினாடியை விடாமல். கடைசியில், “நான் குட்டியோட கத்தல்ல இருந்துதான் ஜெபம் வந்துதுன்னு கிளாஸ் எடுத்துக்கிட்டிருக்கேன். ஆனா பாருங்க, கேக்க ஆளில்லாத குட்டி காட்டுல கத்துனா சிறுத்தைதான் வரும். கத்துற குட்டி பிழைச்சுதுன்னா, அதுக்கு முன்னாலயே கேக்கிற காது இருந்திருக்கணும். கத்தலுக்கு மூத்தது காது. நான் தலைகீழாப் பிடிச்சிட்டேன்” என்றார்.

சிஸ்டர் வியாகுலத்தின் முகம் மலர்ந்தது. அவருக்குள் இருந்த பழைய ஆசிரியை எழுந்து வந்தாள். “அய்யா, மனுசன் கடவுளோட சாயல்னு நாங்க சொல்லுவோம். அந்தச் சாயல் மனுசன்ல எங்க இருக்குன்னு நான் பதினஞ்சு வருசம் பாடம் எடுத்திருக்கேன். அறிவுல இருக்குன்னு ஒரு கட்சி. சுதந்திரத்துல இருக்குன்னு ஒரு கட்சி. ஒருத்தராவது காதுன்னு சொல்லல! எல்லாக் கத்தலுக்கும் மூத்த காது ஒண்ணு இருந்து, அதோட சாயல்தான் இதுன்னா?”

“அப்படின்னா என் குரங்குக்கும் சாயல் உண்டுன்னு ஆயிரும்.”

“ஆயிட்டுப் போகட்டுமே. அது என்ன கெட்டுப்போச்சு?”

“நான் சொல்றது இயற்கைத் தேர்வும்மா. மேல இருந்து யாரும் காதக் கொண்டுவந்து ஒட்டல.”

“ஒட்டலதான். வளத்திருக்காரு. எத்தன லட்சம் வருசம்னு நீங்களே சொல்லுங்க, எனக்குக் கணக்கு வராது.”

“உங்ககிட்ட பேசி ஜெயிக்க முடியாது போலயே!”

“ஒரு மணி நேரந்தானே பேசுறோம். மிச்சம் இருபத்துமூணு மணி நேரமும் தயார் பண்ணுதோம்லா.”

பிரிசில்லா சிரிக்கவில்லை. “சிஸ்டர், உங்க அலைய என் வீட்டுக்காரருக்குப் போட்டேன். அவங்க யாரோ இருக்காங்கன்னு சொல்லல. யாரு அழுறதுன்னு கேட்டாங்க.”

“எங்க இருந்து கேட்டிச்சாம்?”

“நான் நின்ன கண்ணாடிய வந்து தொட்டாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“யாரும் அழலன்னு சொன்னேன்.”

“மெய்யா, பொய்யா?”

பிரிசில்லா ஜன்னலைப் பார்த்தாள். மலை மேல் மேகத்தின் நிழல் ஒன்று ஏறிப்போனது. கிணற்றில் வாளி இறங்கும் சத்தம் மறுபடி கேட்டது. நல்லசிவம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சிஸ்டர் அவரைப் பார்க்காமலே கையை உயர்த்தித் தடுத்தார். ஐந்து நிமிடம் இருக்கும். பத்தும் இருக்கலாம்.

“கண்ணுல தண்ணி வரல” என்றாள் பிரிசில்லா.

“அத நான் கேக்கல மகளே.”

மூன்று மணிக்கு மணி அடித்தது. சிஸ்டர் வியாகுலம் அடுத்து ஏதோ சொல்ல இருந்தார். அந்தச் சொல்லைப் பாதியில் விட்டார். எழுந்து உள்ளே போய், கையில் ஒரு சிறிய பித்தளை மணியோடு வந்தார். மணியின் நாக்கில் துணி சுற்றியிருந்தது. அதை அவள் கையில் வைத்து, ஒரு துண்டுக் காகிதத்தையும் வைத்தார்.

*மதலேன் சிஸ்டர் போன மாதம் இறைவனிடம் போனார். இது மடத்துச் சொத்து. இரவல்தான். திருப்பித் தர வேண்டும்.*

*

மறுநாள் காலை பரிசோதனை அறையில் மூலையில் யாரும் இல்லை. நல்லசிவம் கண்ணாடிக்குப் பின்னால் கருவிகளிடம் இருந்தார். வேதசிங்குக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு பிரிசில்லா உட்கார்ந்திருந்தாள். வெள்ளை அங்கியைக் கழற்றி வைத்திருந்தாள்.

“இன்னிக்கு நீதான் ஆளா?” என்றார் வேதசிங்.

“ஆமா.”

“சரி.”

ஒரு நிமிடம். இரண்டு. கண்ணாடிக்குப் பின்னால் அலை நிமிர்வதை அவளால் பார்க்க முடியாது. அவர் முகத்தை மட்டும் பார்த்தாள். நாலாவது நிமிடம் அவர் தலை உயர்ந்தது. பார்வை அவளைக் கடந்து சுவருக்குப் போய், திரும்பி, அவளிடமே வந்து நின்றது.

“யாரு அழுறது?”

அவள் வாயைத் திறந்தாள். இரண்டு வருடப் பழக்கம் முந்திக்கொண்டு வந்தது. யாரும் இல்லங்க என்று சொல்வது எவ்வளவு சுலபம்!

“நான்தான்” என்றாள்.

அதைச் சொன்ன பிறகுதான் கண்ணீர் வந்தது. வந்தது நிற்கவில்லை. மூக்கு ஒழுகியது. அவள் துடைக்கவில்லை. அவர் எழுந்து வந்து அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார். ஒரு பாட்டைக் காதால் பிடிக்கும்போது செய்வதுபோலத் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

“எவ்வளவு நேரமா?”

“ரெண்டு வருசமா.”

“முந்தாநாளும் நீதானா?”

“நான்தான்.”

“இல்லன்னு சொன்னியே பிரிசி.”

“சொன்னேன்.”

அவர் யோசித்தார். “எனக்கு இன்னும் யாரும் இருக்கிற மாதிரி தெரியல” என்றார் மெதுவாக. “பொய் சொல்ல மாட்டேன். ரூம் காலியாத்தான் இருக்கு. ஆனா அழுறது கேக்குது. போகணும்னு இருக்கு. அது போதுமா உனக்கு?”

கண்ணாடிக்குப் பின்னால் ஏதோ கீழே விழுந்து உடையும் சத்தம் கேட்டது. நல்லசிவம் டம்ளர் எதையோ தட்டிவிட்டிருக்க வேண்டும்.

“போதும்” என்றாள்.

இருபதாவது நிமிடம் பட்டை நின்றது. அவள் பார்த்துக்கொண்டேயிருந்தாள். அவசரம் அவர் முகத்திலிருந்து வடிந்தது, முந்தாநாள் வடிந்ததுபோலவே. சாய்ந்திருந்த தலை நிமிர்ந்தது. அவர் தன் சட்டையைச் சரிசெய்துகொண்டு, தான் ஏன் தரையில் உட்கார்ந்திருக்கிறோம் என்று பார்ப்பவர்போலச் சுற்றிலும் பார்த்தார்.

“இப்ப கேக்கல” என்றார்.

“தெரியும்.”

“நீ இன்னும் அழுறியா?”

“ஆமா.”

“அப்ப நீ சொல்லணும், கேட்டியா? எனக்காத் தெரியாது. நீ கூப்பிட்டா வருவேன்.”

“வந்து என்ன செய்வீங்க?”

“அது தெரியல” என்றார் வேதசிங். “வருவேன்.”

அன்று பகலிலேயே அவள் அறிக்கையை எழுதினாள். முதல் கேள்வி: துணை இருப்பதை நோயாளி உணர்ந்தாரா? இல்லை. பதினாலாவது கேள்வி: இல்லாத ஒலி கேட்டதா? இல்லை. அதன் கீழே இருந்த சின்ன இடத்தில், ‘முதல் அமர்வில் நோயாளி கேட்டது இருந்த ஒலி. ஆய்வாளர் தவறாக மறுத்தார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். குழு என்ன சொல்லும் என்று தெரியவில்லை. நல்லசிவம் அதை எட்டிப் படித்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “என் குரங்குக் கட்டுரையிலயும் அந்தக் கடைசி வாக்கியத்தப் போடணும்” என்றார்.

மாலை நாலரைக்கு வீட்டில் வேதசிங் ஞாயிற்றுக்கிழமைக்கான பாட்டை ஹாலில் வாசித்துக்கொண்டிருந்தார். பட்டை ஆய்வகத்துப் பெட்டியில் பூட்டியிருந்தது. பிரிசில்லா அடுக்களையில் நின்றாள். பால் பொங்க இன்னும் நேரமிருந்தது. மேடைமேல் அந்தப் பித்தளை மணி. அதன் நாக்கில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். ஒரு காரணமும் இல்லை. கண்கூட இப்போது காய்ந்துவிட்டது. இருந்தாலும் ஒரு முறை, மெதுவாக, அடித்தாள்.

ஹாலில் பாட்டு, ஒரு வரியின் நடுவில், ஏறிக்கொண்டிருந்த சுரத்தில் அப்படியே நின்றது. நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது.